குறுக்கே பறந்தால் பதினாறு மணி நேரம்

1

போன ஞாயிற்றுக்கிழமை மாலை என் பேத்தி மீரா பள்ளிக்கூட வேலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு வந்தாள். கால்கரி நகரத்தில் மகள் உமாவின் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் நான் இருக்கிறேன். பாதி தரைக்கு மேலே, பாதி தரைக்குக் கீழே. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரின் காலணிகள் மட்டும் நடந்து போகும். டிசம்பர் பிறந்துவிட்டால் அதுவும் தெரியாது. பனி கண்ணாடியின் பாதியை மூடிவிடும்.

மீராவுக்குப் பதினொரு வயது. அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களைக் கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதில் ஒன்று அப்பிச்சி. அம்மாவைப் பெற்றவரைக் கோவைப் பக்கத்தில் நாங்கள் அப்படித்தான் அழைப்போம். அவளுடைய தோழிகள் அதை என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி என்னை மிஸ்டர் அப்பிச்சி என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை.

பள்ளியில் கொடுத்த வேலை இதுதான். உன் குடும்பத்தோடு தொடர்புள்ள இரண்டு விமான நிலையங்களைத் தேர்ந்தெடு, இடையிலுள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் எழுது, உலக வரைபடத்தில் கோடு போடு. மீரா கோயமுத்தூரையும் கால்கரியையும் கணினியில் தட்டினாள். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம் என்று ஆங்கிலத்தில் படித்தாள். குறித்துக்கொண்டாள். பிறகு பக்கத்தைக் கீழே தள்ளி, அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தாள். இந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையே நேரடி விமானம் கிடையாது. இது நேர்கோட்டில் பறந்தால் ஆகக்கூடிய நேரம் மட்டுமே.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் போக முடியாத வழிக்கு எதற்கு நேரம் சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

எனக்கு அந்தப் பக்கம் தெரியும். அந்தப் பொடி எழுத்தும் தெரியும். அடுத்த மாதம் குன்னூரில் என் அக்கா சரஸ்வதி இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவள் இறந்த அன்று அந்தப் பதினாறு மணி நேரத்தைச் சொல்லி நான் செய்த காரியத்தை அக்கா மகன் செந்திலிடம் இன்னும் சொல்லவில்லை. வருடச் சடங்குக்கு வரச்சொல்லி அவன் அழைத்திருக்கிறான். சொல்லாமல் அவன் முன்னால் போய் நிற்க முடியாது. எழுதிப் பார்த்தால் சொல்ல வரும் என்று இதைத் தொடங்கினேன்.

2

நான் ஊட்டியில் ஓர் உறைவிடப் பள்ளியில் பதினேழு ஆண்டுகள் புவியியல் ஆசிரியராக இருந்தவன். நாற்பத்து மூன்றாம் வயதில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். என் சான்றிதழ்கள் இங்கே பாடம் நடத்தப் போதாது, இன்னும் இரண்டு வருடம் படிக்க வேண்டும் என்றார்கள். படிக்கவில்லை. பள்ளிப் பேருந்துகளுக்குத் தடம் வகுக்கும் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதே மேஜையில் இருந்தேன்.

அந்த வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம், வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்த தூரத்தை எங்கும் எழுதக்கூடாது என்பது. ஒரு தாய் தொலைபேசியில் சண்டை போடுவாள், என் வீட்டுக்கும் பள்ளிக்கும் அரை கிலோமீட்டர்தானே, பேருந்து ஏன் நாற்பது நிமிடம் சுற்றுகிறது என்று. இடையில் ஆறு இருக்கும், இருப்புப்பாதை இருக்கும். உங்கள் பிள்ளைக்குச் சிறகு இருந்தால் அரை கிலோமீட்டர்தான் என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். அதற்கு மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார். இந்த நாட்டில் நான் சொன்ன ஒரே நகைச்சுவை அது என்று என் மனைவி பிறகு பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் வந்த மலையிலும் யாரும் கிலோமீட்டரைக் கேட்பதில்லை. குன்னூரிலிருந்து கோத்தகிரி எவ்வளவு தூரம் என்றால் கண்டக்டர், "ஒரு மணி நேரம்ங்க, மிஸ்ட் எறங்குச்சுன்னா ஒன்னரை" என்பார். கொண்டை ஊசி வளைவில் வளர்ந்தவர்களுக்குக் கோடு என்பதே நம்ப முடியாத பொருள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் சொன்னேன், வயதானவன், கணினியில் இருந்ததை நம்பிவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம் என்பதற்காக. தூரத்தையும் நேரத்தையும் பற்றி ஏமாறக்கூடிய கடைசி ஆள் நான்.

3

என் அப்பா அன்னூர்க்காரர். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தார். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எனக்குப் பதினொரு வயதில் அவளை எதிர்மலை எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை பதப்படுத்தும் டீ மேக்கருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுத் தகரக் கூரை தெரியும். வெயில் நாளில் அவள் துணி காயப்போடுவதுகூடத் தெரியும். ஆனால் சாலை வழியாகப் போனால் குன்னூர் பஸ் நிலையம் ஏறி, வேறு பஸ் மாறி, மறுபடி இறங்கி, அரை நாள்.

தொலைபேசி ஆபீசில் மட்டும் இருந்தது. அதை வீட்டு வேலைக்குத் தொட அப்பா விடமாட்டார். அக்காதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளிடம் ஒரு சிவப்புக் கம்பளி இருந்தது. என்னால் ஏதாவது ஆக வேண்டுமென்றால் அதைக் கொடியில் விரித்துப் போடுவாள். பார்த்ததும் நான் தேயிலைக் காட்டுக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ச்சரிவில் ஏறுவேன். நாற்பது நிமிடம். கொழுந்து பறிக்கும் பெண்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். "கிளார்க்கய்யா மகன் ஓடுறான் பாரு, அக்கா ஊட்டுல கச்சாயம் வேகுது" என்று ஒருத்தி சொல்ல, வரிசை முழுக்கச் சிரிக்கும்.

பல நாள் அந்த வெல்லப் பலகாரம், கச்சாயம்தான். ஒருநாள் விறகுக் குவியலுக்குள் பாம்பு. ஒருநாள் அவளுக்கு வலி கண்டிருந்தது, மாமா ஃபேக்டரியில் இருந்தார். நான்தான் ஓடிப்போய் அவரையும் எஸ்டேட் ஜீப்பையும் கொண்டுவந்தேன். அன்று மாலை பிறந்தவன் செந்தில். எனக்கு அப்போது பதினான்கு வயது.

என் வாழ்நாளில் நேர்கோடு உண்மையாக இருந்த தடம் அது ஒன்றுதான்.

நாங்கள் இங்கே கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா வீட்டில் சாப்பிட்டோம். அப்போது மாமா உயிரோடு இல்லை, அவள் குன்னூர் டவுனுக்குக் குடிவந்திருந்தாள். கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "கம்பளியப் போட்டா உனக்கு அங்க தெரியுமாடா?" என்று கேட்டாள்.

"போன் இருக்குதுக்கா. நீ கூப்புடு, வந்துருவேன்" என்றேன்.

4

முப்பத்தொரு வருடத்தில் மூன்று முறை ஊருக்குப் போனேன். கடைசி முறை போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வாரம் தவறாமல் பேசுவேன். எனக்குச் சனிக்கிழமை மாலை, அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் எப்போதும் ஒரு நாள் எனக்கு முன்னால் இருந்தாள்.

எப்போது வருகிறாய் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். பதில் சொல்லி அலுத்த ஒரு சனிக்கிழமை நான் அந்தப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். பதினாறு மணி நேரம்தான் அக்கா, நீ சொன்ன மறுநாள் அங்கே இருப்பேன் என்றேன். பொடி எழுத்தைச் சொல்லவில்லை. அவள் சிரித்தாள்.

"பதினாறு மணி நேரமா? சீசன்ல குன்னூர்லருந்து ஊட்டி போறதுக்கே அரை நாளாவுதுடா. நீ ஊட்டியில இருக்கறன்னே வெச்சுக்கறேன்."

அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. எப்போது வருவாய் என்ற கேள்வி நின்றது. பதினாறு மணி நேரந்தானே என்று அவளே சொல்லிக்கொள்வாள். எனக்கு வசதியாக இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு நான் இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தேன். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகுதான் ஊருக்குப் போகும் அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். ஒருமுறை அனுப்பினேன். கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று திரும்பி வந்தது. மறுமுறை அனுப்பினேன். பிறந்த இடம் ஒரு தாளில் குன்னூர், இன்னொன்றில் நீலகிரி. என் பிழைதான். அதைத் திருத்திப் பிரமாண வாக்குமூலம் இணைக்கச் சொன்னார்கள். காகிதங்களை மேஜை இழுப்பறையில் வைத்தேன். அந்த வருடம் என் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மூன்று வருடத்தில் அவள் போய்விட்டாள். காகிதங்கள் இழுப்பறையிலேயே இருந்தன.

ஏன் எடுக்கவில்லை என்று இந்த ஒரு வருடத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். மனக்கசப்பு எதுவும் கிடையாது. ஊர் மாறிவிட்டது என்ற வருத்தமும் கிடையாது. பெரிய காரணம் இருந்தால் எழுதுவதற்கு நன்றாக இருந்திருக்கும். சோம்பல் என்ற சொல்தான் நெருங்கி வருகிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்பது ஆறு வருடமாக, எட்டு வருடமாக நீளக்கூடியது.

போன வருடம் அக்காவின் இதயம் சோர்ந்து காலில் நீர் கோத்துக்கொண்டது. வயது எண்பத்து மூன்று. கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்கள். அவள் இறப்பதற்குப் பத்து நாள் முன்னால் பேசினேன். மூச்சு வாங்கியது. வழக்கமான விசாரிப்புகள் முடிந்தன. பிறகு சொன்னாள்.

"தம்பி, கம்பளிய எடுத்துப் போட்டிருக்கறேன்டா."

நான் சிரித்தேன். பதினாறு மணி நேரந்தானே அக்கா என்றேன். அவள் சிரித்தாளா என்பது நினைவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்தேன். அன்று இழுப்பறையைத் திறந்தேன். ஃபாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

5

குன்னூரில் வியாழக்கிழமை காலை ஆறு மணி, எனக்குப் புதன்கிழமை மாலை ஐந்தரை. செந்தில் கூப்பிட்டான். அவனுக்கும் அறுபது வயது. குன்னூர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். பதறிப் பேசுகிறவன் அல்ல.

"மாமா, அம்மா போயிருச்சுங்க."

எப்போது என்று கேட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று, காப்பி கேட்டாள், கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது என்றான். அடுத்து அவன் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"பொறந்த ஊட்டுக் கோடி நீங்கதானுங்க மாமா போடோணும். நீங்க வர்றதுக்கு எத்தனை நேரமாகுமுங்க?"

எங்கள் பக்கத்தில் பெண் இறந்தால் அவளைக் குளிப்பாட்டிய பிறகு பிறந்த வீட்டிலிருந்து வந்த புதுப் புடவையைப் போர்த்த வேண்டும். அதைக் கோடி என்போம். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போட்ட பிறகுதான் எடுப்பார்கள். பிறந்த வீட்டில் மிச்சமிருப்பது நான் ஒருவன்.

அவன் கேட்டபோது என் கையில் விசா இல்லை. செல்லுபடியான எந்தக் காகிதமும் இல்லை. விமான நிலையத்துக்குப் போனாலும் என்னை ஏற்றமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். "பதினாறு மணி நேரம்" என்றேன். வாய் தானாகச் சொன்னது என்று எழுதலாம். அப்படி இல்லை. இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அவன் கணக்குப் போட்டான். இன்று பொழுதோடு கோயமுத்தூர் வந்துவிடுவீர்கள், மலை ஏற மூன்று மணி நேரம், நாளைக் காலையில் எடுக்கலாம், கார் அனுப்பிவிடுகிறேன் என்றான். சரி என்றேன்.

அவசர விசா என்று ஒன்று உண்டு. மறுநாள் காலை வான்கூவரில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் பறந்துபோய்க் கேட்டிருக்கலாம். கிடைத்தால் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ குன்னூரில் இருந்திருப்பேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், காரியத்துக்கு வந்துவிடுகிறேன் என்று அன்றே சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. ஒரு பெட்டியில் இரண்டு சட்டைகளை எடுத்து வைத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். உமா கீழே வந்து, போகணுமா அப்பா என்று கேட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடித்துவிடுவார்கள், போய் என்ன ஆகப்போகிறது என்றேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு மேலே போய்விட்டாள். குன்னூரில் இருப்பவனிடம் வருகிறேன் என்றும் மாடியில் இருப்பவளிடம் போகவில்லை என்றும் ஒரே மாலையில் சொல்லி முடித்தேன்.

எட்டு மணிக்குச் செந்திலுக்கு ஒரு சொல் அனுப்பினேன். ஏறிட்டேன். அனுப்பிவிட்டு போனை அணைத்தேன். விமானத்தில் இருப்பவன் போன் அணைந்துதான் இருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மீரா வரைபடத்தில் போட்ட அதே கோடு எனக்கு மனப்பாடம். இங்கிருந்து நேர் வடக்கே போகும். பனிக்காடுகள், உறைந்த கடல், துருவத்தை ஒட்டி ஒரு வளைவு, பிறகு சைபீரியா, இமயமலை, டெல்லி, போபால், பெங்களூர். நான் மணி பார்த்து ஒவ்வொன்றாகக் கடந்தேன். இப்போது கடல், இப்போது மலை. நடுவில் தூங்கினேன். தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பதினாறு மணி நேரம் முடிந்தது. போனைத் திறக்கக் கை வரவில்லை. மேலும் ஆறேழு மணி நேரம் போயிற்று. திறந்தபோது எனக்கு வியாழன் மாலை ஆறரை, அவர்களுக்கு வெள்ளிக்கிழமை காலை ஏழு. பதினோரு அழைப்புகள். கார் டிரைவர் கோயமுத்தூர் விமான நிலையத்தில் என் பெயர் எழுதிய அட்டையோடு ஒவ்வொரு விமானத்துக்கும் நின்று பார்த்துவிட்டு, ஆள் வரலீங்க என்று குரல் அனுப்பியிருந்தான். கார் காலியாக மலையேறியிருந்தது. அன்னூரிலிருந்து வந்த உறவினர்கள் மறுநாளும் போகாமல் ஜனவரிக் குளிரில் ஷாமியானாவுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

டொராண்டோவில் பனி, இணைப்பு விமானம் தவறிவிட்டது, எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் டொராண்டோவில் பனி பெய்கிறதா என்று பார்த்தேன். பெய்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு சின்ன நிம்மதி ஏற்பட்டது.

சரிங்க மாமா, பத்தரைக்கு எடுக்கறோம் என்று பதில் வந்தது.

6

அதன் பிறகு ஒரு வருடம். செந்தில் மாதம் ஒருமுறை கூப்பிடுவான். பனி ரொம்பவோ என்று விசாரிப்பான். அந்தப் பனியைத்தான் கேட்கிறானோ என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். இல்லை, அவன் சும்மா கேட்கிறான். கோடியை யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு அங்கே போகும்.

அக்கா போனதில் எனக்கு அழுகை வரவில்லை. மருந்து வாங்குகிறேன், சாப்பிடுகிறேன், செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போகிறேன். சனிக்கிழமை மாலை மட்டும் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அது பழக்கம். உமா ஒருநாள், அப்பா நீங்க யார்கிட்டயாவது பேசணும் என்று ஓர் ஆலோசகரின் எண் கொடுத்தாள். நல்ல பெண்மணி. துக்கத்தின் கட்டங்களைப் பற்றி அச்சிட்ட தாள் ஒன்று தந்தார். அதை நிரப்ப வேண்டும். இறந்தவர் உறவு என்ற இடத்தில் சகோதரி என்று குறித்தேன். மூத்தவளா இளையவளா என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.

வருடத்துக்காவது வாங்க மாமா என்று செந்தில் போன மாதம் சொன்னான். இழுப்பறையைத் திறந்தேன். வாக்குமூலம் எழுதி, கையெழுத்தைக் கட்டத்துக்குள் போட்டு, தபாலில் அனுப்பினேன். சான்றிதழ் வந்ததும் விசாவுக்கும் எழுதிப் போட்டேன். எட்டு வருடம் எடுக்காத வேலை. மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

7

மீரா போட்ட கோட்டைப் பார்த்த பிறகு இரண்டு நாள் பொறுத்து, நேற்றுக் காலை செந்திலைக் கூப்பிட்டேன். எனக்கு ஆறரை மணி, அவனுக்கு மாலை ஏழு. கடையில் இருந்தான்.

"செந்திலு, ஒண்ணு சொல்லோணும். நான் அன்னிக்கு ஏறவே இல்லப்பா."

அந்தப் பக்கம் யாரோ வாடிக்கையாளர், "ஏனுங்ணா, அரை இஞ்ச் எல்போ ரெண்டு குடுங்க" என்பது கேட்டது. இருங்க மாமா என்றான். குழாய்ச் சாமான் டப்பாவைத் துழாவும் சத்தம், பிளாஸ்டிக்கா இரும்பா என்று அவன் கேட்பது, அந்த ஆள் வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பது, எல்லாம் கேட்டது. நான் காத்திருந்தேன். திரும்ப வந்து, சொல்லுங்க மாமா என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். விசா இல்லாதது, ஏறிட்டேன் என்று அனுப்பியது, போனை அணைத்தது, டொராண்டோப் பனி. மேலே எழுதிய வரிசையிலேயே சொன்னேன். குரல் ஒருமுறையும் மாறவில்லை, எனக்கும் அவனுக்கும்.

முடித்ததும் அவன் கேட்டான்.

"கோடி ஆரு போட்டாங்கன்னு நீங்க இத்தன நாளா கேக்கவே இல்லீங்களே மாமா?"

"இல்லப்பா."

"அம்மாவே எடுத்து வெச்சிருந்துச்சுங்க."

கம்பளியைப் போட்டிருக்கிறேன் என்று என்னிடம் சொன்னாளே, அதற்கு மறுநாள். ஆட்டோவில் பஜாருக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாள். நாற்பது வருடமாக அவள் துணி எடுக்கும் காசிம் பாய் கடை. படி ஏற முடியவில்லை. பாயே புடவைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு இறங்கி வந்திருக்கிறார். வெளிர் நீலத்தில் சன்னக் கரை போட்ட ஒன்றை எடுத்தாளாம். யாருக்கம்மா என்று பாய் கேட்டதற்கு, "எனக்குத்தான் பாய். பொறந்த ஊட்டுக் கோடி. தம்பி தூரத்துல இருக்கறான், அவன எதுக்கு அலைய வெக்கோணும்" என்றாளாம். பாய் புடவையை மடித்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் செந்தில் கையில் கொடுத்து, என் பெயரைச் சொல்லிப் போடு, யாருக்காகவும் காக்காமல் அன்றைக்கே எடுத்துவிடு என்று சொன்னாளாம்.

"அப்பறம் ஏம்ப்பா மறுநாள் வரைக்கும் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க பதினாறு மணி நேரம்னீங்களேங்க. ஏறிட்டேன்னு வேற போட்டீங்க. வர்ற மனுசன விட்டுட்டு எடுத்தா நல்லாருக்குங்களா? அம்மா சொன்னதக் கேக்காம உங்களுக்காக வெச்சிருந்தோம்."

அவன் குரலில் கோபம் இருந்ததா என்று கவனித்தேன். இருந்ததாகத் தெரியவில்லை. நடந்ததைச் சொன்னான்.

ஆக அவளுக்குப் பொடி எழுத்து தெரிந்திருக்கிறது. என்னைத் தெரிந்துகொண்டு, நான் வராததற்கு வேண்டிய ஏற்பாட்டைத் தானே செய்து, ஆட்டோவில் போய்ப் புடவையும் எடுத்துவிட்டு, யாரையும் காத்திருக்க வைக்காமல் போயிருக்க வேண்டியவள். ஒரு சொல் அனுப்பி நான் அவளை ஒரு நாள் குளிரில் காக்கவைத்தேன். அதுவும் அவள் என்னை மன்னித்து முடித்த பிறகு.

செந்தில் லைனில்தான் இருந்தான். காகிதங்கள் அனுப்பிவிட்டேன், இந்த வாரமோ அடுத்த வாரமோ விசா வந்துவிடும், வருடத்துக்கு வருகிறேன் என்றேன். இந்த முறை சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று, டொராண்டோவில் ஐந்து மணி நேரம் இருக்க வேண்டும், டெல்லியில் விமானம் மாற வேண்டும், மொத்தம் முப்பத்தொரு மணி நேரம் என்று ஆரம்பித்தேன்.

"நேரமெல்லாம் வேண்டாமுங்க மாமா" என்றான். "கோயமுத்தூர்ல எறங்கிட்டுக் கூப்புடுங்க. அங்கிருந்து எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியும்."